பழுதை விருந்துக்கு அழைத்த பிரியம்வதா

சென்ற மே மாதத்தில் கல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய காரின் முன் இருக்கையில் ஓர் அரிசி மூட்டை பெல்ட் போட்டுக்கொண்டு சவாரி போனதைப் பலர் பார்த்தார்கள். கண்ணாடிகள் ஏற்றப்பட்டு உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஊரே வேர்வையில் ஊறிக்கிடந்த நேரத்தில் மூட்டைக்கு வந்த வாழ்வைப் பார்த்து பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். வங்காளிகள் ஓட்டியவரின் மனநிலையைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். தமிழர்கள் அது பொன்னியா, சோனா மசூரியா என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஓட்டியவர் பிரியம்வதா. அறுபதைத் தாண்டியவர். மனநிலையில் கோளாறு எதுவும் கிடையாது. கோளாறு ஏசியில். அதை வெளியே வரவழைக்கத்தான் மூட்டை. இது புரிய வேண்டுமானால் அவர் எப்படிப்பட்டவர் என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அவருடைய தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு சணல் கம்பெனிக்குக் கணக்கெழுத வந்தவர். பிரியம்வதா பிறந்தது, படித்தது, கல்யாணமானது, ரிட்டையரானது எல்லாம் தென் கல்கத்தாவில், அதிகம் போனால் ஒரு டிராம் ஓட்டத் தூரத்துக்குள். வீட்டில் திருநெல்வேலித் தமிழ். கோபம் வந்தால் வங்காளம். கூட்டல் கழித்தல் மட்டும் ஆங்கிலத்தில். உத்தியோகம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், புகார் மேஜையில். ஊரின் அத்தனை செத்த போன்களும் அவர் காதில் வந்துதான் அழுதன.

அந்த மேஜையில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான். செத்துப்போன லைன் சுலபம். தோண்டினால் அறுந்த இடம் தெரிந்துவிடும். நினைத்தபோது செத்து நினைத்தபோது பிழைத்துக்கொள்கிற லைன் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். லைன்மேன் போய் நின்றால் கணீரென்று பேசும். அவன் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் செத்துவிடும். மற்ற மேஜைகளில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: ‘பழுது காணப்படவில்லை’ என்று எழுதிப் புகாரை மூடிவிடுவார்கள். பிரியம்வதாவுக்கு அந்தச் சமாதானம் வராது. புகார் சொன்னவரையே திருப்பிக் கேட்பார். போன் போகும்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது?

பாலிகஞ்சில் ஒரு ரிட்டையர்டு ஜட்ஜுக்கு இந்தக் கேள்வி பெரிய அவமானமாகப் போயிற்று. வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டவரிடம் ஒரு மதராஸிப் பெண் குறுக்கு விசாரணை செய்கிறாள். ஆனாலும் பதில் சொன்னார். கடைசியில் தெரிந்தது, ஜட்ஜின் மனைவி கஞ்சி போட்ட தாந்த் பருத்திப் புடவைகளை மொட்டை மாடியில் காயப்போடும் நாட்களில் மட்டும் போன் சாகிறது. கொடியில் இடம் போதாமல் மிச்சப் புடவையை டெலிபோன் வயரில் போட்டிருக்கிறார்கள். ஈரப் புடவையின் கனத்தில் வயர் தொய்ந்து இணைப்பு விலகும். புடவை காய்ந்ததும் உயிர் வரும். லைன்மேன் வரும் நேரத்துக்குள் புடவை மடித்து பீரோவுக்குள் போயிருக்கும்.

இப்படிப் பல வருஷம் கேட்டுக் கேட்டு அவர் ஒரு கொள்கைக்கு வந்திருந்தார். பழுதை விரட்டக்கூடாது. மாப்பிள்ளையை அழைப்பதுபோல அழைக்க வேண்டும். அதற்குப் பிடித்ததையெல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தால் தானாக வரும். வந்த பிறகு பிடித்துக்கொள்ளலாம். இந்த நாட்டில் பழுதுகளை நேரில் பார்க்காமலே ரிப்பேர் செய்பவர்கள்தான் அதிகம், அவர்களில் சிலரை நாம் ஓட்டுப் போட்டும் தேர்ந்தெடுக்கிறோம் என்பதால் இந்தக் கொள்கை அவ்வளவாகப் பரவவில்லை.

அவருடைய கணவர் ஜம்புநாதன் ஒரு பெயிண்ட் கம்பெனியில் அதிகாரியாக இருந்தவர். நெற்றி நிறையத் திருநீறும் வாய் நிறையக் கிண்டலுமாக இருப்பவர். சில வருஷங்களுக்கு முன்னால் அவருக்கு ஒரு நரம்பு வியாதி வந்தது. மூளையிலிருந்து கண்ணுக்கும் காலுக்கும் போகும் நரம்புகளின் மேலுறை அங்கங்கே உரிந்துபோகிற வியாதி. டாக்டர் படம் வரைந்து விளக்க ஆரம்பித்தபோது, “இன்சுலேஷன் போன வயர்” என்று பிரியம்வதா முடித்து வைத்தார். டாக்டர் பேனாவை மூடிக்கொண்டார். இந்த வயருக்கு வெயில் ஆகாது. உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினால் போதும், பார்வை மங்கும், கால் மடியும். உடம்பு குளிர்ந்தால் இரண்டும் திரும்பி வந்துவிடும். வாழ்நாளெல்லாம் வந்து வந்து போகும் பழுதோடு மல்லுக்கட்டிய பெண்ணுக்கு ரிட்டையரான பிறகும் அதே உத்தியோகத்தை வீட்டுக்குள் கொடுத்துவிட்டான் இறைவன். அவனுக்கும் ஆள் பற்றாக்குறை போலிருக்கிறது.

ஜம்புநாதன் வாரத்தில் ஆறு நாள் வீட்டுக்குள் குளிரறையில் இருப்பார். சனிக்கிழமை மட்டும் சாந்த்ராகாச்சி. அங்கே ரயில்வே யார்டை ஒட்டிய ஒரு குடியிருப்பில் அவருடைய சிநேகிதர் பரமசிவம் இருக்கிறார். ரயிலில் உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர். தண்டவாளம் இல்லாத எதில் ஏறினாலும் அவருக்கு வாந்தி வரும் என்பதால் ஜம்புநாதன்தான் போக வேண்டும். இருவரும் ரம்மி ஆடுவார்கள். பந்தயம் கிடையாது. பரமசிவம் ஏமாற்றுகிறார் என்பது ஜம்புநாதனுக்குத் தெரியும். எப்படி என்பது தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் ஆசை ஒன்றே போதுமாக இருந்தது, அந்த மனிதர் சனிக்கிழமை காலையில் கோழி கூவும்போதே எழுந்து முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பதற்கு.

அதற்கு அந்தக் கார் வேண்டும். வயதான கார். என்ன கம்பெனி என்று சொன்னால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள், விடுங்கள். இருக்கை உயரம். தளர்ந்த காலை மடக்காமல், அப்படியே பின்புறமாகச் சாய்ந்து ஏறிவிடலாம். இப்போது வரும் கார்களில் ஏறுவதென்றால் கிணற்றில் இறங்குவதுபோல இறங்க வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகன் நரேன், காரை விற்றுவிட்டு ஆப்பில் டாக்சி கூப்பிடுங்கள் என்று வாராவாரம் போனில் சொல்வான். ஒருமுறை கூப்பிட்டும் பார்த்தார்கள். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் “ஏசி கராப்” என்றான், கெட்டுவிட்டதாம். கல்கத்தாவில் ஒரு டிரைவர் ஏசி கராப் என்றால் அது செய்தியல்ல, தீர்ப்பு.

இவர்களுடைய சொந்தக் காரின் ஏசிக்கு வந்த வியாதியோ விசித்திரமானது. கிளம்பும்போது டார்ஜிலிங்போலக் குளிரும். ஹூக்ளி ஆற்றின் மேல் உள்ள இரண்டாவது பாலம் ஏறி இறங்கும்வரை குளிரும். அதற்கப்புறம் ஏதோ ஓரிடத்தில் காற்று மெலிந்து, இன்னும் மெலிந்து, நின்றுபோகும். வண்டியை நிறுத்தி மெக்கானிக்கை வரவழைத்துக் காட்டினால் மறுபடி டார்ஜிலிங்.

மெக்கானிக் ஹாபுல் ஜாதவ்பூரில் யுனிவர்சிட்டிக்குப் பின்பக்கம் கடை வைத்திருப்பவர். ஹாபுல்தா, அதாவது ஹாபுல் அண்ணன், என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். கெட்டிக்காரர், நல்லவர், வங்காளி. ஆகவே முதல் சந்தேகம் காஸ். அந்த ஊரில் மனிதருக்கு வரும் எல்லா வியாதிக்கும் மூலம் காஸ்தான். காருக்கு மட்டும் வேறு சாஸ்திரமா? காஸ் நிரப்பினார். மறு சனிக்கிழமை நின்றது. ரிலேயை மாற்றினார். நின்றது. கம்ப்ரெஸரின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, இதற்கும் வயதாகிவிட்டது மாஷிமா என்று சித்தி முறை வைத்துச் சொன்னார். எங்களுக்கும்தான் என்று பிரியம்வதா சொன்னார்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை, சாந்த்ராகாச்சிக்குக் கொஞ்சம் முன்னால், லாரிகள் அசையாமல் நின்ற நெரிசலில் காற்று நின்றது. ஒருவழியாகப் பரமசிவம் வீட்டு வாசலை அடைந்தபோது ஜம்புநாதனுக்குக் கண் தெரியவில்லை, கால் இல்லை. டீக்கடை ஆட்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். குளிர்ந்த தண்ணீரில் துடைத்துவிட்டபின் பார்வை வந்தது. வந்ததும் அவர் முதலில் பார்த்தது வாசலில் கூடியிருந்த கூட்டத்தை. அன்று சீட்டு ஆடவில்லை.

இனிமேல் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிரியம்வதா அதற்குப் பயப்படவில்லை. அவர் பயந்தது அடுத்த சனிக்கிழமை காலையில். ஜம்புநாதன் முகம் மழிக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் மழிக்கவில்லை. என்ன கிழமை என்று கேட்டார். கிண்டலுக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

அன்றைக்கே பிரியம்வதா ஜாதவ்பூர் போய் ஹாபுல்தாவிடம் ஒரே ஒரு உத்தரவு போட்டார். இனி அது வரும்வரை எதையும் தொடக்கூடாது. ஹாபுல்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டிருக்கிற மெக்கானிக்குக்கு யார் சாப்பாடு போடுவார்கள்? பிரியம்வதா அவருக்கு ஜட்ஜ் வீட்டுப் புடவைக் கதையைச் சொன்னார். கதை முடிந்தபோது ஹாபுல்தா ஸ்பானரைக் கீழே வைத்திருந்தார்.

விருந்துக்கு ஏற்பாடு ஆரம்பித்தது. பிரியம்வதா நல்ல வெயில் நேரமாகப் பார்த்துத் தனியே காரை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி சாந்த்ராகாச்சி வரை போய்த் திரும்பினார். பழுது வரவில்லை. அதே கிழமை, அதே நேரம், அதே நெரிசலில் போனார். வரவில்லை. ஒருவேளை பாரம் காரணமோ என்று தோன்றியது. லேக் மார்க்கெட்டில் நம் ஊர்ச் சாமான்கள் விற்கும் கடையில் மூட்டையாக அரிசி வாங்கி, முன் இருக்கையில் அமர்த்தி, பெல்ட் மாட்டினார். காலடியில் ஜம்புநாதனின் தண்ணீர் ஃபிளாஸ்க். பக்கத்தில் அவருடைய கைத்தடி. பாலத்தின் அருகே ஒரு டிராஃபிக் சார்ஜெண்ட் குனிந்து பார்த்தார். மூட்டையையும் தடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போகச் சொன்னார். சட்டத்தில் அதற்குப் பிரிவு இல்லை போலிருக்கிறது.

பழுது அப்போதும் வரவில்லை. மூட்டை மட்டும் ஜில்லென்று வீடு திரும்பியது.

யோசித்துப் பார்த்தால் இது சாதாரண விஷயமா? ஒரு யந்திரம். அதற்கு உள்ளே உட்கார்ந்திருப்பது அரிசியா ஆளா என்று தெரிகிறது. ஆள் தளர்ந்தவர் என்று தெரிந்த நாளில் மட்டும் கழுத்தைப் பிடிக்கிறது. அக்கம்பக்கத்தில் இதை சனி தோஷம் என்றார்கள். சனிக்கிழமை வேறா, சந்தேகமே இல்லை என்றார்கள். பிரியம்வதா கோள்களின் மேல் பழி போடுகிறவர் இல்லை. அவர் அன்று மாலை கணவர் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எதை விட்டுவிட்டேன் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார்.

ஜம்புநாதன் பேப்பரைத் தாழ்த்தினார்.

“அது என்னையத்தான் கேக்கு. அரிசியக் காட்டி ஏமாத்த முடியாது, கேட்டியா.”

“மீன் பிடிக்கதுக்கு உங்களப் புழுவா வைக்கச் சொல்லுதீங்களா?”

“புழு சம்மதிச்சாச்சு. மீன்காரிதான் யோசிக்கா.”

மீன்காரி நான்கைந்து நாள் யோசித்தார். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. பழுதைப் பிடிக்க வேண்டுமானால் அது வரும் கணத்தில் ஜம்புநாதன் உள்ளே இருக்க வேண்டும். வரும் கணத்தில் அவர் உள்ளே இருந்தால் அவருடைய கண்ணும் காலும் போகும். டாக்டரைக் கேட்டார். போனால் திரும்பும், ஆனால் உடனே குளிர்விக்க வேண்டும் என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை ராத்திரி படுக்கப் போகும்வரை பிரியம்வதா வேண்டாம் என்றுதான் இருந்தார். சனிக்கிழமை காலையில் குளியலறையிலிருந்து ரேசர் தட்டும் சத்தம் கேட்டது. ஹாபுல்தாவுக்குப் போன் செய்துவிட்டார்.

இப்படியாக மே மாதக் கடைசியில், மழை வரவில்லையென்று ஊரே வானத்தைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு நடுப்பகலில், மூன்று பேர் ஒரு பழுதைச் சந்திக்கப் புறப்பட்டார்கள். முன்னால் கணவன் மனைவி. பின்னால் ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சுமாக ஹாபுல்தா, மடியில் ஒரு வாளித் தண்ணீர், அதில் ஊறிய துண்டுகள். வாளி தளும்பாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது அவர் பொறுப்பு. மெக்கானிக்காக வந்தவரை பிரசவத்துக்குத் துணை வந்தவர்போல ஆக்கிவிட்டீர்களே மாஷிமா என்று அவர் வங்காளத்தில் முறையிட்டார்.

பிரியம்வதா எதையும் மாற்றவில்லை. வழக்கமான பாதை, வழக்கமான வேகம். குளிர் உச்சத்தில், விசிறி உச்சத்தில். ஜம்புநாதன் வழக்கம்போல ஒவ்வொரு காளி கோயிலைத் தாண்டும்போதும் எதிரே இருந்த டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து ஒரு சிட்டிகைத் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார். கல்கத்தாவில் காளி கோயில் இல்லாத திருப்பம் கிடையாது என்பதால் அந்தப் பெட்டி ஓயாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

ஹேஸ்டிங்ஸ் தாண்டிப் பாலம் ஏறும்போது பிரியம்வதா பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் திரும்பினார். திரும்பியபோது ஒரு சத்தம் மாறியது. விசிறியின் சத்தம். கண் கண்ணாடியில் இருக்க, காது மட்டும் உள்ளே வந்தது. ஓரக்கண்ணில் ஜம்புநாதனின் கை விசிறித் திருகிலிருந்து விலகி மடிக்குத் திரும்புவது தெரிந்தது. உச்சத்தில் இருந்த விசிறி ஒன்றாம் எண்ணில் இருந்தது.

இத்தனை வருஷமாக அவர் அதைக் கவனித்ததில்லை. கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டார். விருந்தாளி வாசல்வரை வந்திருக்கிறார், இப்போது பேசினால் திரும்பிப் போய்விடுவார்.

கோனா எக்ஸ்பிரஸ்வேயில் லாரிகள் நின்றுகொண்டிருந்தன. தார் இளகி டயரில் ஒட்டியது. டிரைவர்கள் ஈரக் காம்சாத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு லாரி நிழலில் படுத்திருந்தார்கள். காருக்குள் காற்று மெலிந்தது. இன்னும் மெலிந்தது. பிறகு இல்லை.

“வந்துட்டாரு” என்றார் பிரியம்வதா.

ஓரம்கட்டினார். ஹாபுல்தா வாளியைக் கைமாற்றிவிட்டு முன்னால் எம்பினார். காற்று வரும் வாயில் கையை வைத்தார். கம்ப்ரெஸர் ஓடுகிறது. விசிறி சுற்றுகிறது. காஸும் இருக்கிறது, அவரே நிரப்பியது. காற்றை மட்டும் காணோம். காற்று வரும் வழியில் யாரோ நிற்கிறார்கள் என்றார். இறங்கிச் சுற்றிவந்து ஜம்புநாதனின் முழங்கால் பக்கம் குந்தி, டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்ற ஆரம்பித்தார்.

முதலில் பொட்டலங்கள் கொட்டின. பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை, வைத்தீஸ்வரன் கோயில், காசி. ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு உறவினரும் ஒரு திருநீற்றுப் பொட்டலம் கொண்டுவருவார்கள். அது பிரசாதம், எறியக்கூடாது. பூசித் தீர்க்கவும் முடியாது, நெற்றி ஒன்றுதான். பூஜை அலமாரி நிறைந்துவிடும். பிறகு எங்கே வைப்பது? காருக்கும் காவல் ஆயிற்று என்று பெட்டிக்குள் போட்டுவிடுவது. கல்கத்தாவில் எந்தத் தமிழர் காரையும் திறந்து பாருங்கள், ஓட்டுநர் உரிமம் இல்லாமல் இருக்கலாம், பழனி இல்லாமல் இருக்காது. பொட்டலங்கள் பல கிழிந்திருந்தன. பெட்டியின் பின்சுவரும் எப்போதோ உடைந்திருந்தது. அந்த உடைப்புக்கு நேர் பின்னால்தான் ஏசி காற்றை உறிஞ்சும் வாய்.

கழற்றுவது எளிதாக இல்லை. திருகுகள் துருவேறியிருந்தன. பிரியம்வதா கணவனின் தலையில் ஈரத் துண்டைப் போட்டார். வாளித் தண்ணீர் அதற்குள் வெதுவெதுப்பாகிவிட்டிருந்தது.

“இப்ப என்ன தெரியுது?”

“லாரி தெரிஞ்சுது. இப்ப லாரி போயிட்டு.”

லாரி அங்கேயேதான் நின்றது. பிரியம்வதா கதவைத் திறந்துவிட்டார், உள்ளே வந்தது அடுப்பிலிருந்து வரும் காற்று. ஹாபுல்தாவிடம் நேரம் கேட்டார். ஒரு திருகு என்றார் அவர். மாஷிமா, ஒரே ஒரு திருகு. அதை விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிப் பரமசிவம் வீட்டுக்கு விரட்டலாம், வழி நகர்ந்தால். அப்படிச் செய்தால் போய்ச் சேர்வதற்குள் பழுது கரைந்து போய்விடும், எத்தனையோ லைன்மேன்கள் கண்ணில் மண்ணைத் தூவியதுபோல. பிரியம்வதா கணவன் முகத்தைப் பார்த்தார். தெரியாத கண்ணோடு அவர் தலையை அசைத்தார், ஆகட்டும் என்று.

திருகு வந்தது. ஹாபுல்தா டார்ச்சை உள்ளே அடித்தார்.

பிறகு அவர் மெதுவாக நகர்ந்து இடம்விட, பிரியம்வதாவும் குனிந்து பார்த்தார். டேஷ்போர்டின் இருட்டுக்குள்ளே ஒரு பனிமலை இருந்தது. உவமை இல்லை. மலையேதான். குளிர்விக்கும் தகடுகளை ஒன்றுவிடாமல் மூடி, மேடும் பள்ளமுமாக, சிகரமும் சரிவுமாக, வெள்ளை வெளேரென்று உறைந்து நின்றது. வெண்பனிக்கு மேல் திருநீறு படிந்து, திருநீற்றின் மேல் மறுபடி பனி பிடித்து, பட்டை பட்டையாக. டார்ச் வெளிச்சத்தில் அதிலிருந்து புகைபோலக் குளிர் எழுந்தது. வெளியே தார் உருகுகிறது, நாய்கள் சாக்கடையில் படுத்திருக்கின்றன, உள்ளே முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கைலாசம் இருக்கிறது. நம்மவர்கள் இந்த தரிசனத்துக்காகச் சீனாக்காரனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மூச்சு முட்ட நடக்கிறார்கள்.

குளிர் பற்றாமல் அந்த ஏசி நிற்கவில்லை. இத்தனை நாளும் அது குளிர்ந்து குளிர்ந்துதான் நின்றிருக்கிறது. காற்று புகும் இடுக்கெல்லாம் திருநீறு ஈரத்தில் இறுகிச் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி அடைத்திருந்தது. போதும், உறைகிறது என்று சொல்ல வேண்டிய சின்ன உணர்வுக் கம்பியும் திருநீறு பூசிக்கொண்டு மோனத்தில் இருந்தது. விசிறி வேகமாகச் சுற்றியவரை எப்படியோ சமாளித்தது. விசிறியைத் தணித்து, குளிரை மட்டும் உச்சத்தில் வைத்தால், கல்கத்தாக் காற்றின் ஈரமெல்லாம் அங்கே பனியாகி வழியை மூடிவிடும். நிறுத்திப் பார்த்தால் உருகி, சொட்டி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஆகிவிடும்.

ஹாபுல்தா காலணியைக் கழற்றியிருந்தார். எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியாது. கையை உள்ளே விட்டு ஒரு பாளத்தை உடைத்து எடுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. “மேஷோ” என்று சித்தப்பா முறை சொல்லி ஜம்புநாதனை மெல்லக் கூப்பிட்டு, பிரியம்வதா விரித்த துண்டில் வைத்தார். பிரியம்வதா அதைச் சுற்றிக் கணவனின் பிடரியில் வைத்து அழுத்தினார். இன்னொரு பாளம் கழுத்துக்கு. இன்னொன்று நெஞ்சுக்கு. மலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து அந்த மனிதருக்கு வைத்துக்கொண்டே இருந்தார்கள். சட்டையெல்லாம் வெள்ளை நீர் ஓடியது.

அவர் கண்ணைக் கொட்டினார். எதிரில் பார்த்தார். லாரி திரும்ப வந்திருந்தது. குனிந்து, திறந்துகிடந்த பொந்தைப் பார்த்தார்.

“வெள்ளையா என்னது அது? ஐஸா, திருநீறா?”

“ரெண்டும்தான்.”

அவர் கை கூப்பினார். கூப்பியவர் சிரிக்கவும் சிரித்தார். அது கும்பிடா கிண்டலா என்று தெரியவில்லை, அவரிடம் எப்போதும் அந்தத் தொல்லை உண்டு.

பிரியம்வதா அப்போதுதான் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டார். அந்த விசிறியை எதற்குக் குறைக்கிறீர்கள்? எத்தனை நாளாக?

ஜம்புநாதன் திருட்டுக் கண்டுபிடிக்கப்பட்டவர்போல ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“காத்து ஒனக்குக் கழுத்துல நேரா அடிக்குல்லா. மறுநா தைலம் தேச்சுக்கிட்டுக் கெடப்ப. நீ கண்ணாடியப் பாக்கையில கொறைச்சுருவேன்.”

தனியாகப் போனபோது பிரியம்வதா விசிறியைக் குறைக்கவே இல்லை. கணவருக்கு வேண்டுமே என்று எப்போதும் உச்சத்தில் வைத்துப் பழக்கம். மூட்டையும் குறைக்கவில்லை. மூட்டைக்கு அவர் கழுத்தைப் பற்றி என்ன கவலை? எல்லாவற்றையும் எடுத்து வைத்து அழைத்தவர் இந்த ஒன்றை மட்டும் வைக்கவில்லை, இருப்பதே தெரியாததால். ஹாபுல்தாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காலணியைத் தேடுகிற சாக்கில் லாரிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மிச்சத் தூரத்தைக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பிடரியில் பனிக்கட்டியோடு கடந்தார்கள். பரமசிவம் வாசலில் நின்றிருந்தார். டீக்கடை ஆட்கள் முன்னெச்சரிக்கையாக பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்திருந்தார்கள். ஜம்புநாதன் தடியை ஊன்றி இறங்கினார். சட்டையும் நெற்றியும் காதும் திருநீற்று நீரில் ஊறி, மாக்கோலம் போட்டதுபோல இருந்தார். நாற்காலியைத் தாண்டி நடந்தார்.

“என்னவே, மாவு மில்லுல விழுந்து எந்திரிச்சு வாரீரு?” என்றார் பரமசிவம்.

“கைலாசம் போயிட்டு வாரேன். நீரு சீட்டை எடும். கைய மேசை மேல வச்சு ஆடணும், சொல்லிட்டேன்.”

அந்த நாற்காலியில் அன்று ஹாபுல்தா உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார்.

திங்கட்கிழமை தகடுகளைக் கழற்றிக் கழுவும்போது அவருக்கு ஒரு தர்மசங்கடம் வந்ததாகக் கேள்வி. வாளி வாளியாகத் திருநீற்று நீர். பிரசாதம் என்று தெரிந்துவிட்டது, சாக்கடையில் ஊற்றக் கை வரவில்லை. கடைவாசலில் இருந்த அரச மரத்துக்கு ஊற்றினார். பொட்டலங்கள் பிரியம்வதா கையால் கங்கைக்குப் போயின. எல்லா ஊர்ச் சுவாமிகளும் ஒரே படித்துறையில் கரைந்தார்கள்.

இப்போது ஏசி நிற்பதில்லை. ஆனால் தகடுகளுக்கு வயதாகிவிட்டது, விசிறி உச்சத்திலேயே ஓட வேண்டும் என்பது ஹாபுல்தாவின் கட்டளை. காற்று வாயைத் திருப்பிவைக்கலாமே என்று கேட்காதீர்கள், அந்தக் காரில் அது திரும்புகிற காலம் போய்விட்டது. சனிக்கிழமை பகலில் பாலத்தில் போகிறவர்கள் பார்க்கலாம். நாற்பது டிகிரி வெயிலில் ஒரு பெண்மணி, டிசம்பரில் வங்காளிகள் குழந்தைகளுக்கு மாட்டிவிடும் குரங்குத் தொப்பியைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய, கார் ஓட்டிப் போகிறார். பக்கத்தில் மழித்த முகமும் சலவைச் சட்டையுமாக ஒருவர். ஹேஸ்டிங்ஸ் தாண்டியதும் அவர் கை விசிறித் திருகை நோக்கி மெல்ல நகரும். பெண்மணி கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே அந்தக் கையின் மேல் ஒன்று போடுவார்.